பேசுற ஓனர், பாக்குற ஓனர்

திருப்பதியில், கரகம்பாடி ரோட்டில் இருக்கும் அந்த ஷெட்டுக்குப் புதிதாக வந்த சோப்புத்தூள் கம்பெனிக்காரர் வாசலில் நின்று, "ஓனர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

துணி பிரித்துக்கொண்டிருந்த மல்லிகா நிமிரவில்லை. "எந்த ஓனரு சார்? பேசுற ஓனரா, பாக்குற ஓனரா?"

"சோப்பு வாங்குறவங்க யாரோ அவங்க."

"வெல பேசணும்னா தாட்சாயணியக்கா. சோப்பு நல்லதா கெட்டதான்னு சொல்லணும்னா சுலோச்சனாக்கா. ரெண்டு பேரும் சரின்னாத்தான் மூட்ட உள்ள வரும். குந்துங்க."

அவர் உட்கார்ந்தார். லாட்ஜுகளின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்துக்கு யார் புதிதாக வந்தாலும் இந்தக் குழப்பம் உண்டு. சிரித்துக்கொண்டே வந்து நாற்காலி போட்டு, எந்த ஊர், என்ன குலதெய்வம் என்பது வரைக்கும் விசாரிப்பவள் தாட்சாயணி. பின்பக்கம் கொடிகளுக்கு நடுவில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவள் சுலோச்சனா. சுலோச்சனாவின் புருஷன் கேசவனுக்குக் கூடப்பிறந்த தங்கைதான் தாட்சாயணி. அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள் என்றால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "இன்னும் அடிச்சிக்கலயா?" என்று கேட்பார்கள்.

அடித்துக்கொண்டார்கள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் சுலோச்சனா யார் என்று சொல்லிவிட வேண்டும்.

அவள் நகரிக்குப் பக்கத்துக் கிராமம். கரும்பு வைக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஏழாவதோடு படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. ஒரு வாரம் அவள் போகாமல் இருந்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதென்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரிந்திருந்தாலும் அடைக்கும்.

கல்யாணம் ஆகிச் சித்தூருக்கு வந்தாள். கேசவன் மாம்பழம் ஏற்றும் லாரி ஓட்டினான். பழ சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஆள் எடுப்பார்கள். சுலோச்சனாவும் போனாள். பெல்ட்டில் ஓடி வருகிற பழங்களில் அழுகலைப் பொறுக்கிப் போடுகிற வேலை. மேஸ்திரி பெண்களைத் திட்டிக்கொண்டே இருப்பான், அழுகலை விட்டுவிட்டீர்கள் என்று. சுலோச்சனா ஒன்றைக் கவனித்தாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இறக்குகிறவர்கள் அவசரப்பட்டுக் கொட்டுகிற நேரத்தில்தான் அழுகல் தப்புகிறது. அதே பெண்கள், அதே கண்கள். நிதானமாக வந்தால் ஒன்றும் தப்பாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனசில் அது அப்படியே தங்கிவிட்டது.

சீசன் இல்லாத மாதங்களில் இட்லி மாவு அரைத்து விற்றாள். மாவு பூப்போல இருக்கும். அந்தத் தெருவே அவளிடம் வாங்கும். பக்கத்துத் தெருவுக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. வருஷங்கள் போயும் அதே கிரைண்டர், அதே இரண்டு வாளி.

"முனையில ஹோட்டல் இருக்குதே, ஒரு வார்த்த போய்க் கேளேன்" என்றான் கேசவன்.

சுலோச்சனா போனாள். எதிர்ப்புறம் நின்று ஹோட்டலைப் பார்த்தாள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க?"

"கூட்டமா இருந்துச்சி."

தாட்சாயணி இதற்கு நேர் எதிர். திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் தடாவைத் தாண்டி ஒரு ஃபேக்டரியில் வேலை, வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். அவள் ஒரு சமயம் நைட்டி வியாபாரம் செய்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இறங்குவதற்குள் விற்றுவிடுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட நிறம், கேட்ட அளவு, வெள்ளிக்கிழமைக்குள் என்று வாக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய அளவு கேட்டவளுக்குச் சின்னது போனது, நீலம் கேட்டவளுக்கு ஆரஞ்சு. பாதிப் பேருக்கு ஒன்றுமே போகவில்லை. இன்றைக்கும் சில தெருக்களின் வழியாக அவள் நடப்பதில்லை. வியாபாரத்தை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த லாட்ஜின் மேனேஜர் முனிரத்தினம். ஒருநாள் அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். துணி துவைக்கிறவன் பண்டிகை நேரத்தில் வரவில்லை, அறைகளில் விரிப்பு இல்லை. போனை வைத்ததும் தாட்சாயணி சொன்னாள்: "சார், எங்க வதினா தொவைப்பாங்க. நம்ம சொந்த வேலையாட்டம் பாத்துக்குவாங்க."

வதினாவுக்கு, அதாவது அண்ணி சுலோச்சனாவுக்கு, அந்த நேரத்தில் இது எதுவும் தெரியாது. சித்தூரில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு பஸ் ஏறு வதினா" என்றாள் தாட்சாயணி போனில்.

"எதுக்கு?"

"வா, சொல்றேன்."

நகரியில் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு விசேஷத்தில் சின்ன மாமியார் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "காணி வச்சிருந்த வூட்டுப் பொண்ணுங்க ஊர் அழுக்கத் தொவைக்கத் திருப்பதி போறாங்களாமே" என்றாள். சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டாள். தாட்சாயணி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா சித்தி, உங்க வூட்டுப் போர்வையும் இருந்தா கட்டிக் குடுங்க. சொந்தக்காரங்கன்னு பாக்காம நல்லாவே தொவைச்சுத் தரோம்" என்றாள். பந்தியே சிரித்தது.

முதல் மூட்டையிலேயே சோதனை வந்தது. திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் தலை நிறையச் சந்தனத்தோடுதான் லாட்ஜுக்கு வருவார்கள். அப்படியே படுத்துவிடுவார்கள். திருப்பதித் தலையணை உறைகளுக்கென்றே உள்ள கறை அது. உறையின் நடுவில், ஒரு தலை அளவுக்கு, வட்டமாக மஞ்சள். சுலோச்சனா சலவைச் சோடாவைத் தாராளமாகப் போட்டு ஊற வைத்தாள். எடுத்துப் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் ரத்தச் சிவப்பு.

தாட்சாயணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ வதினா, கொல நடந்த லாட்ஜு மாரி இருக்குதே!"

சுலோச்சனா ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்து பார்த்தாள். "ஆரத்தி" என்றாள்.

"இன்னாது?"

"மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குது இல்ல? அதான். சந்தனத்துல மஞ்சள் கலந்திருக்குது. சோடா பட்டதும் ஆரத்தி ஆயிடுச்சி."

எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசினாள். சிவப்பு இறங்கி மஞ்சளானது. அந்த மஞ்சளை எது எடுக்கும்? மஞ்சள் பூசிக் குளிக்கிற பெண்ணுக்குத் தெரியும், துணியில் ஒட்டிய மஞ்சள் வெயிலில் நிற்காது என்று. மெஷின் சூட்டில் உலர்த்தினால் மட்டும் கறை துணியிலேயே குடியேறிவிடும். உறைகளை ஈரத்தோடு வெயிலில் போட்டாள். சாயங்காலம் எடுக்கும்போது வெள்ளை வெளேர் என்று இருந்தன.

ஆனால் ஒருநாள் தாமதம் ஆகிவிட்டது. முனிரத்தினத்திடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சுலோச்சனா மடித்த உறைகளையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். தாட்சாயணி உறையை அவர் முன்னால் விரித்தாள். "சார், மெஷின்ல காய வச்சா நேத்தே குடுத்திருப்போம். நாங்க ஒவ்வொரு உறையையும் சூரிய பகவான் கையில குடுத்து வாங்கறோம். மூக்குல வச்சுப் பாருங்க."

முனிரத்தினம் முகர்ந்தார். "பாகுந்தே!" என்றார், நன்றாக இருக்கிறதே என்று. மறுவாரம் அடுத்த தெரு லாட்ஜ் மேனேஜரும் தாட்சாயணியைக் கூப்பிட்டார்.

இப்படித்தான் அது வளர்ந்தது. தாட்சாயணி வெளியே போய் ஒரு லாட்ஜைப் பிடித்து வருவாள். சுலோச்சனா அந்த லாட்ஜுக்கு ஒரு நிறத்தில் நூல் எடுத்து, விரிப்புகளின் மூலையில் ஒரு தையல் போடச் சொல்வாள். முனிரத்தினத்துக்குச் சிவப்பு, அடுத்தவருக்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கலக்காமல் பிரித்துவிடுவார்கள். தாட்சாயணி ரிசப்ஷன் வேலையை விட்டாள். கேசவன் லாரியை விட்டு இவர்களுக்கு வேன் ஓட்ட வந்தான். பெரிய சலவை மெஷின் வந்தது, பிழிகிற மெஷின் வந்தது, உலர்த்துகிற மெஷினும் வந்தது. பின்பக்கம் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்துக் கொடி கட்டினார்கள்.

சுலோச்சனா கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் கை தளர்வதைப் பார்த்தால் பக்கத்தில் போய் நின்று பாதி மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மெஷின் சத்தம் மாறினால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடுவாள். "ஒக்காந்து துன்னுக்கா, மெஷினு எங்கயும் ஓடிப் போகாது" என்று மல்லிகா கடிந்துகொள்வாள். மூன்று மெஷின்களும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் ஓடுகிற மாதிரி துணியை எந்த வரிசையில் போட வேண்டும் என்பது அவளுக்குக் கை வந்திருந்தது. அங்கே வேலை செய்கிற பெண்கள் வேறு இடத்துக்குப் போனால் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு குறை இருந்தது. அது குறை என்று இருவருக்குமே தெரியாது.

நாத்தனார் என்பவள் புருஷன் வீட்டில் பிறந்த பெண். அடுத்தவர் முன்னால் அவள் பேச்சை வெட்டக் கூடாது என்று சுலோச்சனாவை வளர்த்திருந்தார்கள். ஆகவே தாட்சாயணி எதை ஒப்புக்கொண்டு வந்தாலும் சுலோச்சனா வாயைத் திறப்பதில்லை. "வதினா, இன்னொரு லாட்ஜு வருது" என்றால் சும்மா இருப்பாள். தாட்சாயணி அந்தச் சும்மாவைச் சம்மதமாக எடுத்துக்கொள்வாள். "எங்க வதினா ஒண்ணும் சொல்லலன்னா ஓகேன்னு அர்த்தம்" என்று எல்லாரிடமும் பெருமையாகவே சொல்லியும் வந்தாள். இப்படியே சில வருஷம் ஓடியது, ஏனென்றால் அதுவரை வந்ததெல்லாம் தாங்குகிற சுமையாக இருந்தது.

போன கார்த்திகையில் தாங்கவில்லை.

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு புது ஹோட்டல் திறந்தார்கள். பெரிய கட்டடம், எல்லாமே வெள்ளைத் துணி. தாட்சாயணி எப்படியோ உள்ளே நுழைந்து, ஒரு மாடியின் துணிகளைப் பரீட்சைக்கு வாங்கி வந்துவிட்டாள். "இத நல்லா பண்ணிக் குடுத்துட்டா மொத்த ஹோட்டலும் நம்மளுதுதான் வதினா!" சுலோச்சனா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கம் புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மழை பிடித்தது. விரிப்புகளை மெஷினில் உலர்த்திக்கொள்ளலாம். சந்தனக் கறை பட்ட தலையணை உறைகளுக்கு வெயில் வேண்டும். மழைக்காலத்தில் சுலோச்சனா உறைகளை நிறுத்தி வைத்து, வானம் கண் திறக்கிற நேரத்தில் ஓடிப்போய்ப் போட்டு எடுப்பாள். இந்தத் தடவை அப்படி நிறுத்தி வைக்க முடியவில்லை. பெல்ட்டில் மாம்பழம் கொட்டினது மாதிரி துணி வந்து விழுந்துகொண்டே இருந்தது. புது ஹோட்டலுக்கு முதலில், புது ஹோட்டலுக்கு முதலில் என்று தாட்சாயணி அவசரப்படுத்தினாள். மற்ற லாட்ஜுகளின் உறைகளை அரை ஈரத்தில் மடித்து அனுப்ப வேண்டி வந்தது.

முனிரத்தினமே ஷெட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஓர் உறை. அதைத் தாட்சாயணியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஏம்மா, இதி ஏமி வாசனை, இது என்ன நாத்தம்? சூரிய பகவான் கையில குடுத்து வாங்கினதா இது? தரிசனத்துக்கு நின்னு நின்னு கால் வீங்கி வந்து படுக்கிறவங்களுக்கு ஈரத் தலகாணியா? கெஸ்டு என் மூஞ்சியில விசிறிட்டுப் போறாரு." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "உங்கள நான்தான் முதல்ல நம்பினேன். இன்னொரு தடவ இப்படி வந்துச்சின்னா வேற ஆளு பாத்துக்குவேன். சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் போனதும் தாட்சாயணி திரும்பினாள்.

"முடியலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல வதினா?"

"நீ கேட்டியா?"

"கேக்கணுமா? நான் ஒப்புக்கினு வரும்போது பக்கத்துலதான நின்னுகினு இருந்த?"

"நின்னுகினுதான் இருந்தேன். என்னைக்காவது திரும்பிப் பாத்தியா? ஒப்புக்கினு வந்து சொல்றது கேக்கறதா?" சுலோச்சனாவின் குரல் எழுந்தது. மல்லிகா துணியைக் கீழே போட்டுவிட்டாள்; அந்தக் குரலை அவள் இத்தனை உரக்கக் கேட்டதே இல்லை. "நைட்டி வியாபாரத்துல ஓடி ஒளிஞ்சது நீ ஒருத்தி. இங்க இத்தன பொம்பளைங்க இருக்காங்க. இவங்க எங்க ஓடுவாங்க?"

தாட்சாயணியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் லாட்ஜு லாட்ஜா ஓடலன்னா நீ இன்னைக்கும் ரெண்டு வாளி மாவோட உக்காந்துகினு இருப்ப" என்றாள்.

இரண்டும் உண்மைதான். அதனால்தான் இரண்டும் வலித்தது. அன்று சாயங்காலம் வரை இருவரும் ஆளுக்கொரு மூலையில் துணி மடித்தார்கள். கேசவன் வேனிலேயே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேருல யார் பக்கம் பேசினாலும் எனக்குச் சோறு கெடையாது" என்று மல்லிகாவிடம் சொன்னானாம்.

மறுநாள் காலையில் தாட்சாயணி டீ வாங்கிக்கொண்டு கொடிப் பக்கம் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"சரி, இப்ப கேக்கறேன். முனிரத்தினம் சாரு லாட்ஜ உடாம இருக்கணும்னா இன்னா வேணும்?"

சுலோச்சனா டீயை ஊதினாள். "அவருகிட்ட இன்னொரு செட் உறை இருக்கணும். ஒரு செட்டு தலகாணில, ஒரு செட்டு தொவைக்க, ஒரு செட்டு வெயிலுக்குக் காத்துக்கினு. அப்ப மழையே பேஞ்சாலும் ரெண்டு மூணு நாள் தாங்கலாம்."

"இத எப்பலருந்து நெனச்சிகினு இருக்க?"

"ரெண்டு வருஷமா."

தாட்சாயணி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா! தாயே! வா, போலாம்."

"நான் எதுக்கு?"

"நீ சும்மா பக்கத்துல குந்து. நான் எங்கயாவது தப்பா அளந்துட்டா என்ன இழு."

சுலோச்சனா முதல் தடவையாக லாட்ஜ் ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தாள். கோபத்தில் இருக்கிற மனிதரிடம் போய், உங்கள் செலவில் இன்னும் துணி வாங்குங்கள் என்று கேட்பதா? தாட்சாயணி முதலில் மன்னிப்புக் கேட்டாள். சாக்குச் சொல்லவில்லை. பிறகு, "சார், உங்க உறை சீக்கிரமா கிழியுதா இல்லையா?" என்று ஆரம்பித்தாள். ஒரே உறையை ஓயாமல் துவைத்தால் கிழியும், மூன்றாவது செட் வந்தால் ஒவ்வொன்றும் அதிக நாள் உழைக்கும், வாசனை வராது, கெஸ்ட் திட்ட மாட்டார். முனிரத்தினம் முறைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "உன் வாய்க்கு நீ இந்த ஊர்லயே இருக்கக் கூடாதும்மா, டில்லிக்குப் போகணும்" என்றார். உறை வாங்கவும் சம்மதித்தார். "ஆனா ஒரு ஈர உறை வந்தாலும்..." என்று விரலை நீட்டினார்.

தாட்சாயணி எப்படிச் செய்கிறாள் என்பதைச் சுலோச்சனா அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தாள். எதிரில் இருப்பவருக்கு எது வலிக்கிறது என்று தேடித் தேடிப் பிடித்தாள். அழுகல் பழத்தைத் தான் எப்படிக் கண்டுபிடிப்பாளோ அப்படி. இது வாய் மட்டும் செய்கிற வேலை இல்லை என்று சுலோச்சனாவுக்கு அப்போது தோன்றியது. இத்தனை வருஷம் அதை வெறும் பேச்சு என்று நினைத்ததற்காக மனசுக்குள் வெட்கப்பட்டாள்.

வெளியே வந்ததும் தாட்சாயணி சொன்னாள்: "இனிமே எதுவா இருந்தாலும் உன்னக் கேட்டுட்டுத்தான் ஒப்புக்குவேன். சாமி சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்குப் பரீட்சை சீக்கிரமே வந்தது. வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது. புது ஹோட்டலிலிருந்து அழைப்பு. அங்கே அறைகளையும் துணிகளையும் கவனிக்கிற அதிகாரி ஸ்வர்ணலதா. நிதானமானவள், அதிகம் சிரிக்காதவள். இருவரையும் உட்கார வைத்துக் காபி வரவழைத்தாள்.

"உங்க வேலை எங்களுக்குத் திருப்தி. ஏகாதசிக்கு ஹோட்டல் ஃபுல். எல்லா மாடியும் நீங்களே எடுத்துக்கறீங்களா? விரிப்பு, டவல், தலகாணி உறை, எல்லாம். முடியும்னா வருஷம் பூரா உங்களுக்கே."

தாட்சாயணியின் கண்கள் விரிந்தன. அவள் பல வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. "மேடம், நீங்க கவலையே படாதீங்க" என்று தொடங்கியவள் நிற்கவில்லை. இன்னொரு மெஷின் போடுவோம், இன்னும் ஆள் எடுப்போம், இரண்டு வேன் விடுவோம். சுலோச்சனா பக்கத்தில் உட்கார்ந்து, இதோ திரும்பிப் பார்ப்பாள், இதோ திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தாள். தாட்சாயணி திரும்பவில்லை. அவள் ஷெட்டை மறந்திருந்தாள், மழையை மறந்திருந்தாள், சத்தியத்தையும் மறந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏழு மலையும் மேகத்தில் மறைந்து கிடந்தன.

இப்போது சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று சுலோச்சனாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை உறைகளும் அந்த ஒரு மனை வெயிலுக்கு வந்து நிற்கும். முனிரத்தினத்துக்கு ஈர உறை போகும். அவர் போவார், அவரைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். ஏகாதசி முடிந்ததும் இந்த ஹோட்டலும் போகும். மல்லிகாவும் மற்றவர்களும் தெருவில் நிற்பார்கள்.

தொண்டை அடைத்தது. வகுப்பில் அடைத்த அதே தொண்டை.

"தலகாணி உறை வேணாம்" என்றாள்.

சத்தம் வந்ததா என்பதே அவளுக்குச் சந்தேகம். ஆனால் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"விரிப்பும் டவலும் எடுத்துக்கறோம். எல்லா மாடியும். உறை எங்களால முடியாது. மழை உடற வரைக்கும் முடியாது." புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தாட்சாயணியின் முகம் சிவந்துவிட்டது. வெளி ஆள் முன்னால் அவள் பேச்சை அண்ணி வெட்டியது இதுதான் முதல் தடவை. ஒரு கணம் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அண்ணியின் கையைப் பார்த்தாள், அது இன்னும் தலைப்பை விடவில்லை. வாயெடுத்த வார்த்தையை விழுங்கினாள்.

"பாத்தீங்களா மேடம்" என்றாள் ஸ்வர்ணலதாவிடம். குரல் மாறியிருந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. "இதுக்குத்தான் எங்க வதினாவக் கூட்டிகினு வந்தேன். முடியும்னு சொல்ற ஆளு ஊர் பூரா கெடைப்பாங்க. நானே சொல்லிட்டேன் பாருங்க! முடியாததை முடியாதுன்னு இப்பவே சொல்ற ஆளு உங்களுக்கு எங்க கெடைப்பாங்க? இவங்க எடுத்துக்கறேன்னு சொன்ன துணி ஏகாதசி அன்னைக்கு உங்க கட்டில்ல இருக்கும். புயலே வந்தாலும் இருக்கும்."

ஸ்வர்ணலதா பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் நான் வேற ஹோட்டல்ல இருந்தேன். எல்லாம் முடியும்னு சொன்ன ஆளு ஏகாதசி அன்னைக்குப் போனையே எடுக்கல" என்றாள். பிறகு சுலோச்சனாவைப் பார்த்துக் கேட்டாள்: "உறைய எப்போ எடுத்துப்பீங்க?"

"தை பொறந்ததும். அதுக்குள்ள கொடி கட்ட இன்னொரு மனை பாக்கணும்."

"சரி. அது வரைக்கும் உறைய எங்க பழைய ஆளே பண்ணட்டும். மீதி உங்களுது."

லிஃப்ட்டில் இறங்கினார்கள். வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். கேசவன் வேனைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாயத் தொறந்திருக்கலாம் இல்ல?" என்றாள் தாட்சாயணி. "நான் பாதிக் கல்யாணத்த முடிச்சிட்டேன்."

"நடுவுல நொழையறதுக்கு எடம் உட்டாத்தான?" என்றாள் சுலோச்சனா. தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"மொத்த ஹோட்டலையும் வாங்கற வாய்ப்பு, வதினா. வயிறு எரியுது."

"வாங்கித்தான குடுத்திருக்க. நான் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன். எதிர்ல நின்னு பாத்துட்டு வூட்டுக்கு வந்திருப்பேன்." சுலோச்சனா இதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது. தாட்சாயணிக்கு அது தெரியும்.

ஏகாதசி வந்தது. மழை முந்தின நாள் வரை பெய்தது. எல்லா மாடிகளிலும் விரிப்பு உலர்ந்து போய்ச் சேர்ந்தது. முனிரத்தினத்தின் மூன்றாவது செட் உறை, கிடைத்த ஒரு மத்தியான வெயிலில் காய்ந்து அவர் தலையணைகளுக்குப் போனது. அவர் போன் செய்யவில்லை. அவர் போன் செய்யாவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

தை பிறந்து இன்னொரு மனையைப் பார்க்க இருவரும் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபம், கூடவே தங்கும் அறைகள். தாட்சாயணி, "அண்ணா, நிறுத்து நிறுத்து" என்று கத்தினாள். வேன் நிற்பதற்குள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். அங்கே ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தார். முதலாளியாகத்தான் இருக்க வேண்டும்.

கால் தரையில் பட்டது. அங்கேயே நின்றாள். திரும்பி, கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"வதினா, இது?"

சுலோச்சனா கட்டடத்தைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். மனசுக்குள் கொடிகளையும், மெஷின்களையும், மல்லிகாவின் முதுகு வலியையும் ஓட்டிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. தாட்சாயணி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று காத்திருந்தாள்.

"அறைங்க மட்டும் கேளு" என்றாள் சுலோச்சனா. "பந்தித் துணி வேணாம். சாம்பார் கறை எனக்கு இன்னும் புடிபடல."

தாட்சாயணி அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள்.